வானியற்பியல் பிஎச்.டி.: மதுரைப் பக்கத்து மாணவருக்கு எந்த இடம் பொருந்தும்?

மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கம் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் ஒருவர் வானியற்பியலில் பிஎச்.டி. செய்ய ஆசைப்பட்டால், வீட்டிலும் கல்லூரியிலும் முதலில் காதில் விழுவது பெயர்கள்தான். பெங்களூரு பெரிய இடம், புணே அதைவிடப் பெரிய இடம், அமெரிக்கா கிடைத்தால் எல்லாவற்றையும்விட மேல் என்று வரிசை போட்டுவிடுவார்கள். பெயரை வைத்து இடம் தேடினால் நான்காவது ஆண்டில் சிக்கல் தெரியவரும். இந்தத் துறையில் ஆய்வேடு தரவின் மேல் நிற்கிறது. சேர்ந்து பதினெட்டு மாதத்தில் உங்கள் கைக்கு எந்தத் தொலைநோக்கியின், எந்தக் கணிப்பொறித் தொகுதியின் தரவு வரும்? அதை வைத்து முதல் கட்டுரை எழுதும்வரை கூடவே உட்காரப்போவது யார்? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் இருக்கும் இடமே நல்ல இடம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே போகிறது.

மதுரையிலேயே செய்வது

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டாம். வயதான பெற்றோர், கைக்குழந்தை, ஏற்கெனவே கிடைத்துவிட்ட கல்லூரி வேலை என்று ஊரை விட முடியாத காரணங்கள் பலருக்கு உண்டு. காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதன்கீழ் உள்ள ஆய்வு மையக் கல்லூரிகளிலும் இயற்பியல் பிஎச்.டி. பதிவு செய்ய வழி இருக்கிறது. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டு. வேலை பார்ப்பவர்கள் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகவும் பதியலாம். ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் வழிகாட்ட முடியாது. எனவே பிடித்த கைடிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்து இயற்பியல் துறைகளில் படிக வளர்ப்பு, மெல்லிய படலம், நானோ பொருள் என்று பொருளறிவியல் செய்பவர்களே மிகுதி. "பண்ணலாம்பா, பார்த்துக்கலாம்" என்று அன்போடு சேர்த்துக்கொள்ளும் கைடுக்கு வானியற்பியலில் ஒரு கட்டுரைகூட இல்லையென்றால், முதல் இரண்டு ஆண்டு தலைப்புத் தேடுவதிலேயே போய்விடும். கட்டுரையின் நடுவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால் உள்ளூரில் சேர விரும்புபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: கைடு புணேயில் உள்ள ஐயூகாவின் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வானியல், வானியற்பியல் மையம்) வருகை இணை ஆய்வாளராக இருக்கிறாரா? பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சில வாரம் அங்கே தங்கி வேலை செய்ய ஐயூகா வைத்திருக்கும் ஏற்பாடு அது. அப்படிப்பட்ட ஒருவரிடம் சேர்ந்தால் நூலகம், கணிப்பொறி, கூட்டு ஆய்வு எல்லாவற்றுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கும்.

தரவைப் பொறுத்தவரை இன்று நிலைமை மாறியிருக்கிறது. விண்மீன்களின் இடத்தை அளக்கும் ஐரோப்பிய விண்கலமான காயா 2022இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பில் ஏறக்குறைய 180 கோடி பொருள்களின் அளவீடு இருக்கிறது. உசிலம்பட்டியில் உட்கார்ந்தும் அதை இறக்கிக்கொள்ளலாம். 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டின் பழைய தரவும், சூரியனைக் கவனிக்கும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் தரவும் இஸ்ரோவின் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். விண்மீன் கொத்துகள், எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீன்கள், சூரியச் செயல்பாடு போன்ற தலைப்புகளை, இப்படி ஏற்கெனவே சேமித்து வைத்த ஆவணத் தரவை மட்டும் வைத்தே முடிக்கலாம். புதிதாகத் தொலைநோக்கி நேரம் வாங்கி, கூட்டம் மிகுந்த தலைப்பில் போட்டி போட வேண்டிய ஆய்வை உள்ளூரில் தனியாளாகத் தொடங்குவது நல்லதல்ல.

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் கிடைக்கும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வூதியம்) கையில் இருந்தால் உள்ளூர்த் தேர்வுக்கு வலு கூடும். ஆய்வூதியம் உங்களோடு வருகிறது. கைடிடம் திட்ட நிதி இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கொடைக்கானலும் பெங்களூரும்

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினால் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்தில், 1899இல் தொடங்கிய ஒரு சூரிய ஆய்வகம் இன்றும் வேலை செய்கிறது. சூரியக் கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909இல் கண்டது கொடைக்கானலில்தான். அங்கே வெள்ளொளிப் படங்கள் 1904இல் தொடங்குகின்றன. கால்சியம் கே, ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடுகளில் எடுத்த படங்கள் அடுத்தடுத்துச் சேர்ந்தன. நூறாண்டுக்கு மேல் ஒரே மலையில் எடுத்த சூரியப் படத் தொடர் உலகத்தில் மிக அபூர்வம். கண்ணாடித் தட்டிலும் ஃபிலிமிலும் இருந்தவை 4096 × 4096 படவணுக் கேமராவால் எண்ணியப் படமாக்கப்பட்டிருக்கின்றன.

இந்தத் தரவோடு வேலை செய்வது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். படத்தை இறக்கிய உடனே கரும்புள்ளியை எண்ணத் தொடங்க முடியாது. சில தட்டுகளில் வடக்கு–தெற்கு திரும்பியிருக்கும், சிலவற்றில் எடுத்த நேரம் தவறாகப் பதிவாகியிருக்கும். கீறல், தூசி, பூஞ்சை, ஓரத்தில் ஒளி குறைவது, காலம் போகப்போக ஃபிலிமின் தன்மை மாறுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகே 1920ஆம் ஆண்டின் சூரியனை 2000ஆம் ஆண்டின் சூரியனோடு ஒப்பிட முடியும். பொறுமையும் நிரலெழுதும் பழக்கமும் உள்ளவருக்கு இது பொன்னான களம். சூரியச் சுழற்சி, காந்தப்புலம் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் இந்தத் தேர்வை முதலிடத்தில் வைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 2இல் போன ஆதித்யா எல்-1இன் முதன்மைக் கருவியான, சூரியனின் வெளிவட்டத்தைப் படமெடுக்கும் விஇஎல்சியைக் கட்டியதும் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். பழைய தரவும் புதிய தரவும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன.

ஆனால் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். பிஎச்.டி. மாணவர் சேர்வது பெங்களூரு கோரமங்களாவில். முதலாண்டுப் பாடங்களும் தேர்வுகளும் அங்கேதான். கொடைக்கானல் வளாகத்திலேயே இருந்து முடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

சூரியனுக்கு அப்பால் போனால் இதே நிறுவனத்தின் வேறு இரண்டு களங்கள் இருக்கின்றன. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. லடாக்கில் ஹான்லேயில் ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி. ஹான்லேக்கு நேரில் போக வேண்டியதில்லை, பெங்களூருக்குப் பக்கத்து ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். காவலூரில் வடகிழக்குப் பருவமழை மாதங்கள் பெரும்பாலும் வீண், ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நம்பிக்கையான இரவுகள். உங்கள் தலைப்பு நவம்பரில் மட்டும் தெரியும் பொருளைப் பற்றியது என்றால் காவலூரை நம்ப முடியாது. ஹான்லேக்கு ஆண்டில் மூன்று சுற்றாக நேரம் ஒதுக்குகிறார்கள். முன்மொழிவு எழுதி, குழு அதை மதிப்பிட்டு, கேட்ட ஆறு இரவில் இரண்டு கிடைப்பது சாதாரணம். அந்த இரண்டும் மேகத்தில் போனால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். நல்ல கைடு இதை எதிர்பார்த்து, ஆவணத் தரவை வைத்து எழுதக்கூடிய ஒரு அத்தியாயத்தை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவார்.

பெங்களூரில் வேறு கதவுகளும் உண்டு. ராமன் ஆய்வு நிறுவனத்தில் பட்டம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினுடையது; ரேடியோ கருவிகளைத் தாங்களே வடிவமைத்துக் கட்டும் பழக்கம் அங்கே ஆழமாக இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம் 1982 முதல் நடத்தும் கூட்டு வானியல் திட்டத்தில் சேர்ந்தால் பட்டம் ஐஐஎஸ்ஸியுடையது. கைடு அங்கேயோ, திட்டத்தில் சேர்ந்த மற்றொரு நிறுவனத்திலோ இருக்கலாம். தலைப்பு இன்னும் முடிவாகாதவருக்குக் கூட்டு வானியல் திட்டம் நல்ல பொருத்தம். பெங்களூருக்குச் சாதகமாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து ஓர் இரவு ரயிலில் போய்விடலாம், வந்துவிடலாம். ஐந்தாண்டு ஓட்டத்தில் அது சின்ன விஷயமல்ல.

புணே

ரேடியோ வானியலில் இந்தியா உலகத்தோடு சமமாக நிற்கும் இடம் புணே. நாராயண்காவ் பக்கம் கோடாத்தில், தலா 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 தட்டுகள் 25 கிலோமீட்டர் வரை பரவி நிற்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 21 செ.மீ. அலைநீளத்தை 25 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1.7 வில்நொடித் தெளிவு வருகிறது. இதை நடத்தும் என்சிஆர்ஏ (தேசிய ரேடியோ வானியற்பியல் மையம்) டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) பகுதி, பட்டமும் அதனுடையது. பக்கத்திலேயே ஐயூகா. இரண்டும் சேர்ந்து முதலாண்டு மாணவருக்கு ஒரு பொது வகுப்பு நடத்துகின்றன. கடினமான வகுப்பு. எம்.எஸ்ஸி.யில் ஒரு வானியல் தாள்கூட இல்லாமல் வருபவர்கள் முதல் மூன்று மாதம் திணறுவார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் எல்லோரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவார்கள். நம் பக்கத்து மாணவருக்கு இந்த ஓராண்டு பெரிய வரம்.

புணேயின் மற்றொரு பலம், கைடைச் சேர்ந்த பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்பது. வகுப்பெடுக்கும்போதே யார் எப்படிப் பேசுகிறார், யாருடைய மாணவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஜிஎம்ஆர்டி தரவில் எங்கே மாட்டுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எட்டு மணி நேர அவதானிப்பில் நூறு ஜிபி அளவுக்குத் தரவு குவியலாம். அதில் கைபேசிக் கோபுரம், செயற்கைக்கோள், மின்கம்பித் தீப்பொறி எல்லாம் கலந்திருக்கும். அந்த இரைச்சலை வெட்டி எறிந்து, அளவுத்திருத்தம் செய்து, படமாக்கி, மறுபடி திருத்துவதற்கு முதல் முறை மூன்று மாதம் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக் கற்பதற்கும், மின்னஞ்சலில் கேட்டுக் கற்பதற்கும் வித்தியாசம் ஓராண்டு. ரேடியோ தலைப்பு வேண்டுமென்றால் ரேடியோ ஆட்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் சேர வேண்டும் என்று சொல்வதன் காரணம் இது. ஆண்டுக்கு இரண்டு சுற்று முன்மொழிவு. 2023 ஜூனில் உலகத்தோடு சேர்ந்து ஈர்ப்பலைப் பின்னணிக்கான சான்றை வெளியிட்ட இந்தியப் பல்சார் (சீராகத் துடிக்கும் விண்மீன்) குழுவும் இந்தத் தொலைநோக்கியையே பயன்படுத்தியது. பல நாடுகள் சேர்ந்து கட்டும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா சேர 2024 தொடக்கத்தில் 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்திருப்பதால், இங்கே பயிற்சி பெற்றவருக்கு அடுத்த பத்தாண்டில் வேலை இருக்கும்.

ஐயூகாவில் கோட்பாடு, ஈர்ப்பலை, ஒளியியல் கருவி எல்லாம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கியில் ஐயூகா பங்காளி. இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்கு எட்டாத மங்கலான பொருள்களின் நிறமாலை வேண்டுமென்றால் இந்தப் பங்கு பெரிய உதவி.

மற்ற இடங்கள்

ஈர்ப்பலைக் கோட்பாடு, தரவுப் பகுப்பாய்வு என்றால் சென்னைக்கு அப்பால் போக வேண்டிய அவசியமே இல்லை. சிறுசேரி சிஎம்ஐயிலும் (சென்னை கணித நிறுவனம்) ஐஐடி மெட்ராஸிலும் ஈர்ப்பலையை அளக்கும் லைகோ கூட்டமைப்பில் இருக்கும் குழுக்கள் உண்டு. நியூட்ரான் விண்மீன், அண்டவியல் கோட்பாட்டுக்குத் தரமணி ஐஎம்எஸ்ஸி (கணித அறிவியல் நிறுவனம்). மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் ஏறக்குறைய 2,600 கோடிக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரம் வலியமலையில் ஐஐஎஸ்டி (இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம்), விண்வெளிக் கருவிகளோடு நெருக்கமான இடம். நைனிடாலின் ஏரீஸ் ஆய்வு நிறுவனத்துக்கு தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 2016 முதல். அகமதாபாத்தின் பிஆர்எல் நிறுவனத்துக்கு அபு மலையில் 1.2 மீட்டரும் 2.5 மீட்டரும், உதய்ப்பூரில் சூரிய ஆய்வகமும். வேற்றுக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) தேடுபவர் பிஆர்எல்லை விட்டுவிடக் கூடாது.

கட்டிக்கொண்டிருக்கும் கருவியை மட்டும் நம்பி எங்கேயும் தலைப்பு எடுக்காதீர்கள். முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. ஹவாயி மௌனா கேயாவில் அதற்கு எழுந்த எதிர்ப்பால் 2015இலும் 2019இலும் வேலை நின்றது. அதை நம்பி 2014இல் சேர்ந்த மாணவர் அதில் ஒரு படமும் எடுக்காமல் பட்டம் முடிக்க வேண்டியிருந்திருக்கும். கருவி கட்டுவதே ஆய்வேடு என்றால் வேறு கதை. அப்போதும் ஏவல் தள்ளிப்போனாலும் எழுதி முடிக்கக்கூடிய பகுதி எது என்று முதல் ஆண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வு, நேர்காணல்

இந்திய நிறுவனங்களுக்கு ஜெஸ்ட், சிஎஸ்ஐஆர் நெட், கேட், டிஐஎஃப்ஆரின் தேர்வு, ஐயூகா–என்சிஆர்ஏ நடத்தும் ஐநாட் என்று வழிகள். எது எங்கே செல்லும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த நிறுவனத்தின் அவ்வாண்டு அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும். நெட் ஆண்டுக்கு இருமுறை. 2024 முதல் ஜேஆர்எஃப் கிடைக்காதவருக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்ற மூன்றாம் பிரிவு வந்திருக்கிறது. அதில் ஆய்வூதியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தத் தேர்வுகளில் வானியல் பாடம் தனியாகக் கிடையாது. இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல் நான்கும் உறுதியாக இருந்தால் போதும். எனவே "எங்கள் கல்லூரியில் வானியல் தாள் இல்லையே" என்ற கவலை தேர்வு மண்டபம்வரை வேண்டாம்.

நேர்காணலில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். காரணம் அறிவுக் குறைவு இல்லை, கரும்பலகையில் நின்று தோராயமாகக் கணக்குப் போடும் பழக்கம் இல்லாததே. ஒரு மாதிரிக் கேள்வி: சூரியனுக்குள் அழுத்தம் சட்டென்று இல்லாமல் போனால் எவ்வளவு நேரத்தில் உள்ளே விழும்? வாய்பாடு நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஈர்ப்பு மாறிலி, அடர்த்தி இரண்டை மட்டும் வைத்து நேரத்தின் பரிமாணம் வரவைக்க ஒரே வழிதான்: அவற்றின் பெருக்கலை வர்க்கமூலத்தில் போட்டுத் தலைகீழாக்குவது. சூரியனின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம். அதைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு அருகில் வரும். சரியான மாறிலியோடு போட்டால் ஏறக்குறைய அரை மணி. இதைப் பேசிக்கொண்டே செய்தால் போதும், குழு திருப்தியடைந்துவிடும். மௌனமாக நின்று சரியான விடையைக் கடைசியில் சொல்பவரைவிட, தவறான திசையில் போய்த் தானே திருத்திக்கொள்பவரை அவர்கள் விரும்புவார்கள். ஐந்து பருமன் வேறுபாடு நூறு மடங்கு ஒளி, தொலைநோக்கியின் பிரிதிறன், வைரியல் தேற்றம், சாஹா சமன்பாடு: இவற்றை வைத்து இருபது கணக்குப் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள்.

அதற்கு முன் எம்.எஸ்ஸி. முதலாண்டு கோடையில் ஒரு திட்டப்பணி செய்திருந்தால் பேச விஷயம் இருக்கும். அறிவியல் அகாடமிகளின் கோடைகால உதவித்தொகை, ஐயூகா, என்சிஆர்ஏ, ராமன் நிறுவனம் ஆகியவற்றின் விடுமுறைத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் தேர்வு முடிந்து தேடினால் கதவு மூடியிருக்கும்.

வெளிநாடு

அமெரிக்காவில் ஐந்தாறு ஆண்டு. முதல் இரண்டு பாடங்கள், தகுதித் தேர்வு, கூடவே பி.எஸ்ஸி. மாணவருக்கு வகுப்பெடுப்பது. நம்முடைய மூன்றும் இரண்டும் ஐந்தாண்டுப் படிப்பைப் பொதுவாக ஏற்கிறார்கள். இயற்பியல் ஜிஆர்இ தேர்வைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 125 டாலர்வரை. ஆங்கிலத் தேர்வும் சேர்த்தால் எட்டு இடத்துக்கு எண்பதாயிரம் ரூபாய் சாதாரணமாகப் போய்விடும். கட்டண விலக்குக் கேட்டால் தருபவர்கள் இருக்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள். கலிஃபோர்னியா, கால்டெக், ஹவாயி மாணவருக்குப் பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியில் தங்கள் பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கிய நேரம் உண்டு. தரவுக் கேள்விக்கு அதைவிட வலுவான பதில் குறைவு. ஆனால் 2025இல் மத்திய அறிவியல் நிதி வெட்டப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்துவிட்டன. அமெரிக்காவை மட்டும் நம்பி ஓராண்டைக் காலியாக வைப்பதை இப்போது நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

ஜெர்மனியும் நெதர்லாந்தும் வேறு மாதிரி. எம்.எஸ்ஸி. முடித்தவரை வேலைக்கு எடுப்பதுபோல எடுக்கிறார்கள். கார்ஹிங், ஹைடல்பர்க், பான் நகரங்களின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளுக்கு (பிஎச்.டி. திட்டங்கள்) விண்ணப்பக் கட்டணம் இல்லை, கடைசி நாள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில். மூன்று அல்லது நான்கு ஆண்டில் முடிக்க வேண்டும், பாடம் மிகக் குறைவு. எனவே வானியற்பியல் அடிப்படை இல்லாமல் போனால் முதல் நாளிலிருந்தே பின்தங்குவீர்கள். திட்டப்பணி அனுபவமும் நிரல் திறனும் ஏற்கெனவே இருப்பவருக்கு ஐரோப்பா. அடிப்படையை முதலிலிருந்து கட்ட வேண்டியவருக்கு புணேயோ அமெரிக்காவோ. பிரிட்டனில் அரசு ஆய்வூதிய இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 சதவீத வரம்பு இருப்பதால் கதவு குறுகலானது. ஆஸ்திரேலியா மூன்றரை ஆண்டு. எஸ்கேஏவின் தாழ் அதிர்வெண் பகுதி அங்கே எழுவதால் ரேடியோக்காரருக்கு நல்லது.

இந்தியாவில் பிஎச்.டி. முடித்துவிட்டு வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போவது நன்கு தேய்ந்த பாதை. பின்னால் இந்தியாவில் ஆசிரியர் பணி கேட்கும்போதும் போஸ்ட்டாக் அனுபவத்தையே பார்க்கிறார்கள். எனவே வெளிநாடு இப்போது கிடைக்கவில்லையென்றால் அந்த வாய்ப்பு ஐந்தாண்டு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

பணம்

ஜேஆர்எஃப் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு முதல் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. ஐந்தாண்டுக்கு மட்டும், ஆய்வேடு ஐந்தரை ஆண்டு இழுத்தால் கடைசி ஆறு மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்று நிறுவனத்திடம் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் தன் கையிலிருந்து கொடுக்கும் ஆய்வூதியம் மாதாமாதம் வரும். வெளி அமைப்பிலிருந்து பல்கலைக்கழகம் வழியாக வரும் பணம் சில மாதம் சேர்ந்தாற்போல வருவதும் உண்டு. மதுரையில் வீட்டோடு இருப்பவர் அதைத் தாங்குவார், பெங்களூரில் அறை வாடகை கொடுப்பவர் தாங்க மாட்டார். ஜெர்மனியில் பெரும்பாலும் முழுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு, வரியும் காப்பீடும் பிடித்தது போக ஒருவர் நிம்மதியாக வாழலாம். அமெரிக்காவில் ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் தருவார்கள். பெரிய நகரமென்றால் பாதி வாடகைக்கே. கையிலிருந்து கட்டணம் கட்டி வானியற்பியல் பிஎச்.டி. எந்த நாட்டிலும் செய்ய வேண்டாம். கடன் வாங்கிச் செய்வதை முற்றிலும் தவிருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு உதவித்தொகையும், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கின்றன. ஆய்வூதியம் தராத நல்ல இடம் கிடைத்தால் அவற்றைப் பாருங்கள்.

கைடைப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். நாசாவின் ஏடிஎஸ் கட்டுரைத் தேடல் தளத்தில் கைடின் பெயரைப் போட்டு, கடந்த எட்டாண்டுக் கட்டுரைகளை மட்டும் வடிகட்டுங்கள். அதில் முதல் ஆசிரியராக வேறு பெயர் இருந்து, அதே நிறுவன முகவரியும் இருந்தால் அவர் பெரும்பாலும் மாணவர். அப்படி மூன்று பெயரைக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனியாகத் தேடுங்கள். முதல் கட்டுரை எந்த ஆண்டு, எத்தனை கட்டுரைக்குப் பிறகு முகவரி வேறு நாட்டுக்கு மாறுகிறது, அல்லது பெயரே காணாமல் போகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்திருக்கும் சோத்கங்காவிலோ நிறுவனத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்திலோ அவர்கள் ஆய்வேட்டைத் திறங்கள். முதல் பக்கங்களில் வெளியான கட்டுரைப் பட்டியல் இருக்கும். நான்கு அத்தியாயத்துக்கு ஒரே கட்டுரை என்றால் யோசியுங்கள். இருநூறு பேர் கையெழுத்திட்ட கூட்டமைப்புக் கட்டுரைகளே நிறைந்திருந்து, மாணவர் முதல் பெயராக ஒன்றும் இல்லையென்றாலும் யோசியுங்கள்.

அதன்பிறகு இப்போது அவரிடம் இருக்கும் மாணவர் ஒருவரிடம் கைபேசியில் பேசுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லா நிறுவனத்திலும் இருக்கிறார்கள்; "அண்ணா, அக்கா" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். வாரம் எத்தனை முறை சந்திப்பார், முதல் முன்மொழிவை யார் எழுதினார், யாராவது நடுவில் விட்டுப் போனார்களா, மாநாட்டுக்கு அனுப்புவாரா, பெண் மாணவர் இரவு அவதானிப்புக்குப் போகும்போது தங்கும் ஏற்பாடு எப்படி. சிலியில் உள்ள ரூபின் தொலைநோக்கி ஆய்வகத்தின் தரவை நம்பிய தலைப்பென்றால் மேலும் ஒன்று: கைடுக்கு அதில் தரவு உரிமை இருக்கிறதா? இல்லையென்றால் ஒவ்வொரு தொகுப்பும் இரண்டாண்டு கழித்தே உங்கள் கைக்கு வரும்.

ஏப்ரலும் ஜூனும்

கடைசியாக நாள்காட்டிச் சிக்கல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஏப்ரல் 15க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இந்திய நிறுவனங்களின் நேர்காணல் பெரும்பாலும் அதற்குப் பிறகு, மே ஜூனில். இரண்டும் வேண்டுமென்று காத்திருக்க முடியாது. ஏப்ரலில் கையில் நிதியோடு நல்ல இடம் இருந்து, அங்கே மேலே சொன்ன கைடு சோதனையும் தேறினால், அதை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த இடம் பெயருக்கு மட்டும் பெரியது என்றால் இந்திய நேர்காணலுக்குப் போங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஜூலை, ஆகஸ்டில் தற்காலிகப் பட்டச் சான்று, ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், இடப்பெயர்வுச் சான்று மூன்றும் வேண்டும். எம்.எஸ்ஸி. கடைசிப் பருவ முடிவு தாமதமானால் இவையும் தாமதமாகும். அதுவரை முதல்வரிடம் படிப்பு முடித்ததற்கான சான்றும், முடிவு எதிர்பார்க்கும் தேதி குறித்த கடிதமும் வாங்கி வைத்துக்கொண்டு, சேரும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலான இடங்கள் சில மாத அவகாசம் கொடுக்கும். கேட்காமல் வெறுங்கையோடு சேர்க்கை நாளில் போய் நின்றால் அந்த அவகாசம் கிடைப்பது கடினம்.